காத்து வரும் கட்டிடம்: அரண்மனை ஆபீசான கதையும் நம்ம மண்டி ஆபீசான கதையும்



மலருக்கு ஆளுக்கொரு வரலாறு எழுதித் தாங்க என்று கேட்டார்கள். குழு ஆரம்பித்த வரலாறு, முதல் கடன் வாங்கிய வரலாறு, மாடு வாங்கிய வரலாறு எல்லாம் மற்றவர்கள் எழுதுகிறார்கள். நான் பத்தாவது வரை படித்தவள். எனக்குத் தெரிந்ததை வைத்து, நாம் மாதாமாதம் உட்கார்ந்து கூட்டம் போடுகிற கட்டிடத்தைப் பற்றி எழுதலாம் என்று எடுத்துக்கொண்டேன். காரணம் இருக்கிறது. வருகிற பொதுக்குழுவில் இந்தக் கட்டிடத்தின் முற்றத்துக்கு மேலே தகரம் போட்டு மூடுவதா, கம்ப்யூட்டர் இருக்கிற அறைக்கு ஏ.சி. வைப்பதா என்ற பேச்சு வரப்போகிறது. கையைத் தூக்குவதற்கு முன்னால் இதையும் ஒருதரம் படித்துவிட்டு வாருங்கள்.

புதுசாகச் சேர்ந்த உறுப்பினர்களுக்காகச் சொல்கிறேன். நம் ஆபீஸ் முன்பு மிளகாய் வத்தலும் மல்லியும் போட்டு வைத்த கமிஷன் மண்டி. சுதந்திரத்துக்கு முன்னாலேயே இருந்தது என்று எங்க அப்பத்தா சொல்லும். கீழே சரக்கு, பக்கத்து அறையில் கணக்குப்பிள்ளை, நடுவில் மூட்டை இறக்குகிற முற்றம். வத்தல் நெடி உங்களுக்குத் தெரியாததா? நூறு மூட்டை முண்டு வத்தலை மூடின அறையில் அடுக்கினால் மனுசர் உள்ளே நுழைய முடியாது, சரக்கும் புழுங்கிப் பூசணம் பிடிக்கும். அதனால்தான் கட்டினவர் சுவரின் உச்சியில், உத்தரத்துக்குக் கீழே வரிசையாக வெண்டிலேட்டர் வைத்தார். தலைவாசலில் நின்று பார்த்தால் கொல்லைவாசல் நேராகத் தெரிகிற மாதிரி கதவு வைத்தார். வத்தலுக்காகச் செய்ததில்தான் இன்றைக்கு நாற்பது பெண்கள் மூச்சு விடுகிறோம்.

வேற வேலைக்குக் கட்டின கட்டிடம் ஆபீசாக மாறுவது நம் ஊரில் மட்டும் நடந்ததில்லை. பெரிய பெரிய அரண்மனைகளே ஆபீசாகியிருக்கின்றன.

மதுரையில் திருமலை நாயக்கர் மகாலைப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. பள்ளிக்கூடச் சுற்றுலாவிலாவது போயிருப்போம். திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை ஆண்டவர். மகால் 1636-ல் கட்டியது. இப்போது நாம் பார்ப்பது முழு அரண்மனை இல்லை, அதில் ஒரு பங்குதான். அவருடைய பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரத்தைத் திருச்சிக்கு மாற்றினபோது இங்கிருந்து நிறையப் பிரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். மிச்சம் இருந்தது சிதைந்து கிடந்தது. 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு அதைப் பழுதுபார்க்க ஏற்பாடு செய்தார். அதற்குப் பிறகு அந்த அரண்மனை கோர்ட்டாக ஆனது. 1970 வரைக்கும் அங்கே மாவட்ட நீதிமன்றம் நடந்தது. ராஜா உட்கார்ந்த இடத்தில் வரப்புத் தகராறும் பாகப்பிரிவினையும் பேசியிருக்கிறார்கள்.

1985 மார்ச் மாதம் விருதுநகர் தனி மாவட்டமாக வருகிற வரைக்கும் நாம் ராமநாதபுரம் மாவட்டம். அந்த ராமநாதபுரம் மாவட்டத்துக்குக் கலெக்டர் ஆபீஸ் ரொம்ப காலம் மதுரையில்தான் இருந்தது. வீரசோழனில் இருந்து நரிக்குடி, திருச்சுழி போய், பஸ் மாறி மதுரைக்குப் போய் ஒரு மனு கொடுத்து வருவதற்கு ஒரு நாள் கூலி போய்விடும். அப்படி மதுரை போய்வந்த பெரியவர்கள் வீட்டுக்கு வந்ததும் வேலை நடந்ததா என்பதை விட்டுவிட்டு முதலில் மகாலின் தூணைப் பற்றித்தான் பேசுவார்களாம். மூன்று பேர் கைகோத்தாலும் எட்டுவது சிரமம் என்கிற தூண்கள்.

அந்தத் தூணும் உயரமும் ராஜாவின் பெருமைக்காகக் கட்டினவை. கோர்ட்டுக்கு வந்த சனங்களுக்கு அவை வேறு விதத்தில் உதவின. நடுவில் பெரிய வெட்டவெளி முற்றம். சுற்றிலும் ஆழமான தாழ்வாரம். தாழ்வாரத்துக்குள் நேர் வெயில் அவ்வளவு சீக்கிரம் நுழையாது. சூடான காற்று லேசானது, அது மேலே ஏறும். கூரை அவ்வளவு உயரத்தில் இருந்தால் சூடு உச்சியில் போய் நிற்கும், கீழே தரையில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு எட்டாது. முற்றத்தில் வெயில் அடித்துக் காற்று சுட்டு மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்ப நிழலில் இருந்து குளிர்ந்த காற்று நகரும். மனுசருக்கு அந்த நகர்வுதான் சுகம். நம் அடுப்பில் புகைபோக்கி இழுக்கிறதே, அதே வேலைதான் இங்கே பெரிய அளவில் நடக்கிறது.

அடுத்தது சுவர். தடித்த செங்கல் சுவர், மேலே சுண்ணாம்புச் சாந்து. மானாமதுரைப் பானையில் தண்ணீர் வைத்தால் ஏன் குளிர்கிறது என்று யாரும் நமக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. சுவர் குளிர்வதற்குக் காரணம் வேறு. தடித்த சுவருக்குள் வெயில் சூடு மெதுவாகத்தான் நுழையும். காலை பத்து மணி வெயில் உள்பக்கம் வந்து சேர்வதற்குள் சாயங்காலம் ஆகிவிடும், ஆபீஸ் பூட்டுகிற நேரம் வந்துவிடும். ராத்திரி அந்தச் சூடு வெளியே போய்விட்டால் மறுநாள் சுவர் திரும்பவும் குளிர்ந்து நிற்கும். இதில் ஒரு சங்கடமும் உண்டு. அந்தச் சூடு ராத்திரியில் உள்பக்கமும் இறங்கும். அதனால்தான் மட்டப்பா வீட்டில் சித்திரை மாசம் யாரும் அறைக்குள் படுக்க மாட்டார்கள், பாயைத் தூக்கிக்கொண்டு மேலேயோ முற்றத்துக்கோ போய்விடுவார்கள். ஆகவே இந்த மாதிரிக் கட்டிடம் பகலில் மட்டும் ஆள் புழங்குகிற ஆபீசுக்கு ரொம்பப் பொருத்தம். வீட்டுக்கு அவ்வளவு பொருத்தம் என்று சொல்ல மாட்டேன்.

வெள்ளைக்காரத் துரைமார்களுக்கு முற்றமும் சுவரும் போதவில்லை. அந்தக் காலக் கோர்ட்டுகளிலும் கச்சேரிகளிலும் பங்கா கட்டியிருப்பார்கள். நீளமான மரச்சட்டத்தில் துணி கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டு, கயிற்றைச் சுவர் ஓட்டை வழியாக வெளியே விட்டிருப்பார்கள். தாழ்வாரத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து நாள் முழுக்க அந்தக் கயிற்றை இழுக்க வேண்டும். உள்ளே ஜட்ஜுக்குக் காற்று, வெளியே இழுக்கிற ஆளுக்கு வேர்வை. சில ஊர்களில் பழைய கச்சேரிக் கட்டிடங்களின் உத்தரத்தில் பங்கா தொங்கிய கொக்கிகள் இன்னும் இருக்கின்றன. அந்தக் கொக்கிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கயிற்றைப் பிடித்தவர் ஞாபகம்தான் வரும். அவர்கள் பேரை எந்த ரிஜிஸ்டரிலும் யாரும் பெருமையாக எழுதி வைக்கவில்லை. கரண்டு காத்தாடி வந்த பிறகுதான் அந்த வேலை ஒழிந்தது.

மதுரையிலேயே இன்னொரு கட்டிடமும் உண்டு. காந்தி மியூசியம். அது ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனை. பிறகு வெள்ளைக்கார அதிகாரிகள் தங்கும் இடமானது. சுதந்திரத்துக்குப் பின் அரசாங்கம் காந்தி நினைவுக்குக் கொடுத்து, 1959 ஏப்ரல் 15-ம் தேதி நேரு திறந்து வைத்தார். மங்கம்மாள் சாலை போட்டார், சத்திரம் கட்டினார் என்று படித்திருக்கிறோம். அந்த அம்மா கட்டிடத்தில் இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக நடந்து போகிறார்கள்.

சென்னையில் சேப்பாக்கம் அரண்மனையின் கதையைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் நமக்கு வேண்டிய விஷயம் அதிகம். ஆற்காடு நவாபுக்காக 1768-ல் கட்டியது. கட்டியவர் பால் பென்ஃபீல்டு என்ற வெள்ளைக்காரர். கலச மகால், ஹுமாயூன் மகால் என்று இரண்டு பெரிய கட்டிடங்கள். அந்தக் காலத்தில் அரண்மனைத் தோட்டம் கடற்கரை வரைக்கும் போகும். மத்தியானத்துக்கு மேல் வீசுகிற கடல்காற்று நேராக உள்ளே வரும். கடைசி நவாப் 1855-ல் வாரிசு இல்லாமல் இறந்துபோன பிறகு அரண்மனை அரசாங்கத்தின் கைக்குப் போனது. அதற்குப் பிறகு அது வருவாய் வாரியம், பொதுப்பணித் துறை என்று ஆபீசாகிவிட்டது. சிஷோம் என்ற கட்டிடக் கலைஞர் இரண்டு மகாலுக்கும் நடுவில் உயரமான கோபுரம் ஒன்றும் கட்டினார்.

நூறு வருஷத்துக்கு மேல் ஆபீசாக இருந்ததில் அந்தக் கட்டிடத்துக்கு என்ன நடந்ததோ, அதேதான் எல்லா ஆபீசுக்கும் நடக்கிறது. முன்னால் இருந்த தோட்டத்தில் எழிலகமும் மற்றக் கட்டிடங்களும் வந்துவிட்டன. கடற்கரைச் சாலையில் போகிறவருக்கு அரண்மனை கண்ணிலேயே படாது. கண்ணுக்கே வழி இல்லை என்றால் காற்றுக்கு மட்டும் எங்கே வழி? பொதுவாகவே பழைய கட்டிடத்தில் ஆபீஸ் வந்தால் முதலில் ஜன்னலை மறித்து பீரோ வைப்பார்கள். அப்புறம் தாழ்வாரத்தைப் பலகை அடித்து அறையாக்குவார்கள். பிறகு உயரமான கூரைக்குக் கீழே இன்னொரு பொய்க்கூரை போடுவார்கள். எல்லாம் முடிந்தபின், "பழைய பில்டிங், ஒரே புழுக்கம்" என்பார்கள்.

2012 ஜனவரியில் கலச மகாலில் பெரிய தீ விபத்து. தீயணைக்கப் போனவர்களில் ஒரு அதிகாரி உயிரிழந்தார், சிலர் காயம்பட்டார்கள். கூரை இடிந்து விழுந்தது.  பழைய முறையிலேயே சுண்ணாம்புக் காரையும் மெட்ராஸ் டெரசும் போட்டு மீட்டார்கள். இன்றைக்கு அதே கலச மகாலில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடக்கிறது. காற்றும் தண்ணியும் கெட்டுப்போகிற வழக்குகளை விசாரிக்க அப்படி ஒரு கட்டிடம் கிடைத்தது நல்லதுதான். மரம் போட்ட பழைய கூரைக்கு நெருப்புதான் எமன். அதனால் நம் ஆபீசிலும் வயரிங் பழசாகிவிட்டதா என்று பார்க்க வேண்டியது காற்றைவிட முதல் வேலை. இதை நான் ஏ.சி.க்கு எதிராகச் சொல்லவில்லை, காத்தாடிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மெட்ராஸ் டெரஸ் என்று சொன்னேன் இல்லையா, அதுதான் நம் பக்கத்து மட்டப்பா. தேக்கு உத்தரத்தின் மேல் சின்னச் செங்கலைச் சாய்வாட்டமாகக் குத்தவைத்து அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையைப் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணியைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கட்டை திரும்பத் துள்ளி எழும்புகிற அளவுக்குக் காரை இறுகின பிறகுதான் அடியை நிறுத்துவார்கள். அதற்கு மேல் தட்டோடு. இந்தக் கட்டையடிக்கிற வேலை யார் வேலை தெரியுமா? பெண்கள் வேலை. வரிசையாக உட்கார்ந்து, தாளம் தப்பாமல் பாட்டுப் பாடிக்கொண்டே அடிப்பார்கள். எங்க அம்மாச்சி கமுதிப் பக்கம் ஒரு வீட்டுக்கு அப்படி அடிக்கப் போனதாகச் சொல்லும். ராத்திரியில் கையை மடக்க முடியாமல் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு படுக்குமாம். அரண்மனை கட்டினவர் என்று ராஜா பேரும் துரை பேரும் கல்வெட்டில் இருக்கும். கூரை ஒழுகாமல் இருப்பது இந்தப் பெண்களின் கையால்.

நம் மண்டியின் முன்பக்கம் மட்டப்பா, பின்பக்கம் ஓடு. ஓட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. நம் குயவர்கள் செய்த நாட்டு ஓடு ரொம்ப காலத்துச் சரக்கு. சீமை ஓடு என்று நாம் சொல்கிற தட்டை ஓடு மங்களூரில் இருந்து வந்தது. பாசல் மிஷன் என்ற ஜெர்மன், சுவிட்சர்லாந்துப் பாதிரிமார்கள் 1865-ல் அங்கே ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பித்தார்கள். அங்கிருந்து அது நாடெல்லாம் பரவியது. ஓட்டுக்கு நடுவில் இருக்கிற இடுக்கு வழியாகவும் சூடு வெளியேறும். மழைக்காலத்தில் அதே இடுக்கு வழியாகச் சாரலும் வரும், பூனை நடந்தால் ஓடும் உடையும். இது இல்லை என்று நான் மறைக்க மாட்டேன். போன ஐப்பசியில் தீர்மான நோட்டு இரண்டு நனைந்தது எல்லோருக்கும் தெரியும்.

பழைய காலம் எல்லாமே சுகம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் பார்த்துப் பார்த்துக் கட்டினவர்கள், அடுப்படியை எங்கே வைத்தார்கள்? கடைசியில், இருட்டில், ஒரே ஒரு சின்னப் புகைத் துவாரத்தோடு. காத்தாடப் படுப்பதற்குத் திண்ணை ஆம்பிளைகளுக்கு, புகை நமக்கு. எங்க அம்மாச்சி கண் கெட்டது வயசாகி இல்லை, கருவேல விறகுப் புகையில் என்றுதான் அம்மா சொல்லும். அரண்மனையிலும் பங்கா காற்று யாருக்கு, கயிறு யாருக்கு என்று பார்த்தோம். காற்று பொதுச் சொத்து என்று வாயால் சொன்னாலும் கட்டிடத்துக்குள் அது ஒருநாளும் பொதுவாக இருந்ததில்லை. நம் ஆபீசில்தான் தலைவியும் புதுசாகச் சேர்ந்த பிள்ளையும் ஒரே முற்றத்தைச் சுற்றி ஒரே பாயில் உட்காருகிறோம். ஏ.சி. வந்தால் அது ஒரு அறைக்குள் மட்டும்தான் வரும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் ஆரம்பித்தன. 1997-98-ல் மகளிர் திட்டம் என்று மாநிலம் முழுக்க வந்தது. அந்த முதல் குழுக்களுக்கு ஏது கட்டிடம்? வேப்பமரத்தடி, பள்ளிக்கூடத் திண்ணை, கோயில் மண்டபம், யாராவது ஒருவர் வீட்டு வாசல். மூத்த அக்காமார் இன்றைக்கும் சொல்வார்கள், மரத்தடியில் மூன்று மணி நேரம் கூட்டம் நடந்தாலும் யாருக்கும் தலை வலித்ததில்லை என்று. அப்புறம் கூட்டமைப்பு ஆகி, ரிஜிஸ்டர், பீரோ, கம்ப்யூட்டர் எல்லாம் வந்த பிறகுதான் கூரை தேவைப்பட்டது.

இந்த மண்டிக்கு வருவதற்கு முன்னால் நாம் இரண்டு வருஷம் ஒரு கான்கிரீட் அறையில் இருந்தோம். யார் இடம் என்று சொல்ல வேண்டாம், இருந்தவர்களுக்குத் தெரியும். தாழ்வான ஒட்டு, ஒரே பக்கம் ஜன்னல், மேற்கு வெயில் முழுக்கச் சுவரில். ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் இருந்தால் காற்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும், உள்ளே வந்து நடக்க எதிர்ப்பக்கம் ஒரு வழி வேண்டும். காத்தாடியைப் போட்டால் கூரையில் இருக்கிற சூட்டைத்தான் நம் தலைமேல் தள்ளும். கத்திரி வெயிலில் நடந்த கூட்டத்தில் ஏழு மாசக் கர்ப்பிணியாக இருந்த நம் கணக்காளர் மயங்கி விழுந்தது அங்கேதான். தண்ணி தெளித்து ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனோம். தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருக்கிறார்கள். ஆனால் அன்றைக்கு எல்லோருக்கும் உயிர் போய் உயிர் வந்தது. அடுத்த மாசமே இடம் தேடினோம். இந்த மண்டி பூட்டிக் கிடந்தது. வௌவாலும் பழைய சாக்கும்தான். இரண்டு நாள் கூட்டி, கழுவி, சுண்ணாம்பு அடித்து நுழைந்தோம்.

கொரோனா வந்த வருஷம் ஜன்னலைத் திறந்து வைத்து, காற்றோட்டமான இடத்தில் இருங்கள் என்று அரசாங்கமே சொன்னது ஞாபகம் இருக்கும். முகக்கவசம் தைத்த நம் பெண்கள் முற்றத்தைச் சுற்றித் தள்ளித் தள்ளி மிஷின் போட்டுக்கொண்டார்கள். இந்த யோசனை புதுசில்லை. செவிலியர் பணிக்குப் பேர்போன ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859-ல் எழுதின புத்தகத்திலேயே, நோயாளி மூச்சு விடுகிற காற்று வெளிக்காற்றைப் போலச் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதைத்தான் முதல் விதியாக வைத்தார். காசநோய்க்கும் இதேதான். இருமல் உள்ள ஒருவர் மூடின அறையில் இருந்தால் மற்றவர்களுக்கும் பரவும், காற்று போய் வருகிற இடத்தில் அந்த ஆபத்து குறையும்.

ஏ.சி.யின் வரலாறு கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். 1902-ல் அமெரிக்காவில் வில்லிஸ் கேரியர் என்பவர் அதைச் செய்தது மனுசருக்காக இல்லை. ஒரு அச்சகத்தில் ஈரக்காற்றால் காகிதம் நெளிந்து, வர்ணம் சரியாக விழவில்லை. அந்தக் காகிதத்துக்காகச் செய்தார். இப்போது நம் ஆபீசில் கம்ப்யூட்டருக்காகக் கேட்கிறோம். மிஷினுக்காக வருவதுதான் அதன் பரம்பரை குணம் போல.

கணக்கைப் பார்ப்போம், நமக்குக் கணக்குதானே பழக்கம். ஒன்றரை டன் ஏ.சி. ஓடினால் மணிக்குச் சுமார் ஒன்றரை யூனிட் ஆகும். ஒரு நாளைக்கு 6 மணி நேரம், மாசம் 25 நாள் என்றால் 225 யூனிட். சாதாரணக் காத்தாடி 75 வாட். அதே நேரத்துக்கு மாசம் 11 யூனிட் சொச்சம். ஒரு ஏ.சி.க்கு இருபது காத்தாடி ஓடும். இப்போது வருகிற கரண்டு குறைவாக இழுக்கிற காத்தாடியாக இருந்தால் நாற்பதுக்கு மேல் ஓடும். அத்தோடு ஏ.சி. போட்டால் கதவு, ஜன்னல், வெண்டிலேட்டர் அத்தனையும் அடைக்க வேண்டும். கரண்டு போன அன்றைக்கு என்ன செய்வது? ஆடி மாசம் மேல்காத்து அடிக்கும்போது நம் பக்கம் கரண்டு எத்தனை தரம் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முற்றத்தை மூட வேண்டும் என்று சொல்கிறவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மழை உள்ளே விழுகிறது. ஆடியில் புழுதி வந்து நோட்டெல்லாம் மணல். குரங்கு ஒருநாள் இறங்கியது. இதற்கெல்லாம் வழி செய்யத்தான் வேண்டும். ஆனால் தகரத்தை நேராக முற்றத்தின் வாய்மேல் வைத்து அடித்தால் சூடு வெளியே போகிற வழி அடைபட்டுப் போகும், தகரமும் காய்ந்து தன் பங்குக்குச் சூட்டைக் கீழே இறக்கும். சுற்றுச்சுவருக்கு மேல் இரண்டடி உயர்த்தி, நாலு பக்கமும் கம்பிவலை வைத்து, அதன்மேல் கூரை போட்டால் மழையும் குரங்கும் நிற்கும், காற்று போகும். செட்டிநாட்டுப் பக்கம் முற்றத்தை இப்படி மூடின வீடுகளை நானே பார்த்திருக்கிறேன்.

போன பங்குனியில் நானும் நம் பிரதிநிதி ராத்தாவும் ஒரு சின்னச் சோதனை செய்தோம். மத்தியானம் மூன்று மணிக்கு ஆபீஸ் அறை ஒவ்வொன்றிலும் ஊதுபத்தி கொளுத்திப் பிடித்துப் பார்த்தோம். பெரிய கூடத்தில் புகை தரையோடு நகர்ந்து முற்றத்துக்குப் போய் அங்கே நேராக மேலே எழும்பியது. கம்ப்யூட்டர் அறையில் புகை அப்படியே நின்றது, அசையவே இல்லை. ஏன் என்று மேலே பார்த்தால், அந்த அறையின் வெண்டிலேட்டர் இரண்டையும் யாரோ எப்போதோ அட்டையும் சிமெண்டும் வைத்து அடைத்திருக்கிறார்கள். எதிர் ஜன்னலை மறைத்து நம் இரும்பு பீரோ. அந்த அறைதான் புழுங்குகிறது, அதற்குத்தான் ஏ.சி. கேட்கிறோம்.

மற்ற ஊர்ப் பெண்கள் என்ன செய்தார்கள் என்றும் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம். குஜராத்தில் அகமதாபாத்தில் 2010 மே மாசம் 46 டிகிரியைத் தாண்டி வெயில் அடித்து நிறையப் பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு 2013-ல் அந்த மாநகராட்சி வெப்பத்தைச் சமாளிக்க ஒரு திட்டம் போட்டது. அங்கே சேவா அமைப்பைச் சேர்ந்தவர்கள் ஆரம்பித்த மகிளா ஹவுசிங் டிரஸ்ட் இருக்கிறது. அதன் பெண்கள் குடிசைப்பகுதி வீடுகளில் தகரக் கூரைக்கும் ஒட்டுக்கும் வெயிலைத் திருப்பி அடிக்கிற வெள்ளைப் பெயிண்ட் அடித்தார்கள். ஏ.சி. வாங்க வசதி இல்லாத வீடுகள் அவை. வீட்டில் இருந்தே துணி தைக்கிற, ஊதுபத்தி உருட்டுகிற பெண்கள் பகலெல்லாம் அந்தக் கூரைக்குக் கீழேதான் இருக்கிறார்கள். கேரளாவில் லாரி பேக்கர் என்ற கட்டிடக் கலைஞர், 1917-ல் இங்கிலாந்தில் பிறந்து இங்கேயே வாழ்ந்து 2007-ல் மறைந்தவர், செங்கல்லை இடைவெளி விட்டு ஜாலி வைத்துச் சுவர் கட்டிக் காட்டினார். ஜன்னலுக்கு ஆகும் செலவும் மிச்சம், காற்றும் வரும். திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆராய்ச்சி நிறுவனத்தின் கட்டிடங்களையே அப்படிக் கட்டியிருக்கிறார். நம் செங்கல் சூளைக்காரர்களுக்கும் கொத்தனார்களுக்கும் முடியாத வேலை இல்லை.

பொதுக்குழுவில் வைக்கிறதற்காக நாங்கள் இருவரும் ஒரு பட்டியல் போட்டிருக்கிறோம். கம்ப்யூட்டர் அறையின் இரண்டு வெண்டிலேட்டரையும் திறந்து எலி வராத வலை அடிப்பது. பீரோவை ஜன்னலை விட்டு உள்சுவருக்கு நகர்த்துவது. பின்பக்கம் உடைந்த ஓட்டை மாற்றி, மிச்சத்தைச் சரிசெய்து அடுக்குவது. மட்டப்பாவின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு கை அடிப்பது. அடிக்கிற கூலி நம் குழுப் பெண்களுக்கே போகட்டும். மேற்கு ஜன்னலுக்குப் பனை ஓலைத் தட்டி. சித்திரையில் அதில் தண்ணி தெளித்துக்கொள்ளலாம். வயரிங் முழுக்க மாற்றுவது. கடைசியாக, உயர்த்தின முற்றக் கூரை. மொத்தச் செலவுக்குக் கொத்தனாரிடம் விலைப்புள்ளி கேட்டிருக்கிறோம். கட்டிடக்காரர் குடும்பம் ஓட்டுச் செலவில் பாதியை வாடகையில் கழித்துக்கொள்ளச் சம்மதம் சொல்லியிருக்கிறார்கள், எழுத்தில் வாங்க வேண்டும். சுண்ணாம்புக் காரை தெரிந்த கொத்தனார் இப்போது நம் சுற்றுவட்டாரத்தில் ரொம்பக் குறைவு. கமுதிப் பக்கம் இருந்து வயசான ஒருவர் சந்தை நாளில் வந்து மட்டப்பாவில் ஏறிப் பார்த்தார். காலால் தட்டித் தட்டி நடந்து பார்த்துவிட்டு, வடகிழக்கு மூலையில் மட்டும் காரை விட்டிருக்கிறது, மற்ற இடம் கல்லு மாதிரி இருக்கிறது என்றார். கடுக்காய் ஐந்து கிலோவும் கருப்பட்டியும் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறார். அந்த மூலையைக் கட்டையால் அடிக்க ஆறு பெண்கள் வேண்டுமாம். பேர் கொடுக்கிறவர்கள் கூட்டத்துக்கு முன்னால் கணக்காளரிடம் கொடுக்கவும்.